குளத்து மோட்டாருக்கு வலு குறைந்துவிட்டதா, குழாயில் காற்று புகுந்துவிட்டதா?

வாசகியின் கடிதம் – சுருக்கம்

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் குடும்பம் வாங்கிய வீட்டில் சுமார் 60,000 லிட்டர் கொள்ளளவுள்ள நீச்சல் குளம் இருக்கிறது. கணவர் வெளியூரில் பணிபுரிவதால் குளத்தைப் பராமரிக்கும் பொறுப்பு முழுவதும் இவருடையது. குளத்துக்கு 1 எச்.பி. பம்பும், 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணல் ஃபில்டரும் பொருத்தப்பட்டிருக்கின்றன. சில வாரங்களாகத் தண்ணீர் கலங்கியே இருக்கிறது. சுவரிலுள்ள குழாய் வாய்களிலிருந்து தண்ணீரோடு காற்றுக் குமிழிகளும் வருகின்றன. முன்பு 12 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டிய ஃபில்டர் கேஜ் (அழுத்தமானி) இப்போது 5-ஐத் தாண்டுவதில்லை. தண்ணீர் தெளியட்டும் என்று தினமும் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவது) செய்கிறார். குளோரின் மாத்திரைகளை, மேல்மட்டத் தண்ணீரை இழுத்துக் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மரின் கூடையிலேயே போட்டு வைக்கிறார். குழந்தைகளுக்குக் கண் எரிகிறது, குளோரின் வாசனை தூக்கலாக அடிக்கிறது. போதாக்குறைக்கு, சில நாள் மோட்டாரைப் போட்டவுடனும், சில நாள் அரை மணி நேரம் கழித்தும் இ.எல்.சி.பி. (மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. வந்து பார்த்த டெக்னீஷியன், பம்பு பலவீனமாகிவிட்டது, 2 எச்.பி. பம்பு போடவேண்டும் என்றும், இ.எல்.சி.பி. ‘ஓவர் சென்சிட்டிவ்’ என்பதால் அதை எடுத்துவிட்டுச் சாதாரண எம்.சி.பி. போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். பெரிய பம்பு தேவைதானா, குளோரினைக் குறைக்கவேண்டுமா, குழந்தைகளை இப்போது குளத்தில் இறங்க விடலாமா என்பவை வாசகியின் கேள்விகள்.

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

கேஜ் முன்பு எவ்வளவு காட்டியது, இப்போது எவ்வளவு காட்டுகிறது என்று நீங்கள் குறித்து வைத்திருப்பது மிக நல்ல பழக்கம். அந்த இரண்டு எண்களும் காற்றுக் குமிழிகளைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதும் சேர்ந்து, கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடுகின்றன. ஆனால் நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்குத்தான் நான் முதலில் பதில் சொல்லவேண்டும். கீழே சொல்லும் மின் சோதனைகள் முடியும் வரை குழந்தைகளோ பெரியவர்களோ யாரும் அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது. மோட்டார் நின்றிருக்கும் நேரத்திலும் வேண்டாம்.

முதலில் மின்சாரம்

எம்.சி.பி.யும் இ.எல்.சி.பி.யும் ஒரே வேலையைச் செய்பவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உங்கள் டெக்னீஷியனும் அப்படித்தான் நினைக்கிறார் போலும். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. அளவுக்கு மீறிய கரன்ட் பாய்ந்து வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் அது பார்த்துக்கொள்ளும். மோட்டாரிலிருந்து சிறிதளவு கரன்ட் தண்ணீருக்கோ ஏணியின் கைப்பிடிக்கோ கசிந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. அந்தக் கசிவைக் கண்டுபிடித்து மின்சாரத்தைத் துண்டிப்பது இ.எல்.சி.பி.யின் வேலை. குளங்களுக்குப் போடப்படும் இ.எல்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் துண்டித்துவிட வேண்டும். இந்த அளவு கரன்ட் உடலின் வழியே பாய்ந்து சற்று நேரம் நீடித்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடக்கூடும். இதைவிடக் குறைந்த கரன்ட்கூடத் தசைகளை இறுக்கிப் பிடித்து, நீந்துபவரைக் கையைக் காலை அசைக்க முடியாமல் செய்துவிடும். தரையில் நிற்பவருக்கு வெறும் அதிர்ச்சியாக முடிந்துபோகக் கூடியது, தண்ணீருக்குள் இருப்பவரை மூழ்கடித்துவிடும்.

ஆகவே உங்கள் வீட்டு இ.எல்.சி.பி. விழுகிறது என்றால், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலேயே பழுது இருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் அதைச் சோதித்து முடிவு செய்யவேண்டுமே தவிர, அதன் பாதுகாப்பையே எடுத்துவிடக் கூடாது. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து, மோட்டாரின் வயர்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். காயிலுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையிலான இன்சுலேஷன் 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால், காயில் ஈரம் ஏறியிருக்கலாம் அல்லது எரிந்திருக்கலாம். குளத்துக்குள் விளக்கு இருந்தால் அதன் இணைப்பைத் தனியாகப் பிரித்துவிட்டும் சோதிக்கவேண்டும். அந்த விளக்கு தனி டிரான்ஸ்ஃபார்மர் மூலம் 12 வோல்ட்டில் எரிவதுதானா என்பதையும், ஏணி, கைப்பிடி, பம்பின் உலோக உடல் ஆகிய அனைத்தும் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். வந்தவரை ஒரு வேலைக்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு அனுப்பிவிட வேண்டாம்.

எலெக்ட்ரீஷியன் வருவதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெயினை அணைத்துவிட்டு, பம்பின் தண்ணீர்ப் பகுதியும் மோட்டாரும் சேரும் இடத்துக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே ஈரமோ, காய்ந்த வெள்ளை உப்புத் தடமோ தெரிந்தால் தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் கசிகிறது. கசியும் தண்ணீர் தண்டு வழியே பேரிங்குக்கும், அங்கிருந்து காயிலுக்கும் போய்ச் சேரும். ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்து இ.எல்.சி.பி. விழுவதற்கு இது பொருந்திவருகிற காரணம். மோட்டார் ஓடும்போது கீச்சென்ற சத்தமும் வந்துகொண்டிருந்தால் பேரிங் ஏற்கெனவே துருப்பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

காற்று எங்கிருந்து நுழைகிறது?

ஃபில்டர் அடைத்துக்கொண்டிருந்தால் கேஜ் ஏறும். உங்களுக்கு இறங்கியிருக்கிறது. அதாவது, பம்புக்குப் போதிய தண்ணீர் வந்து சேரவில்லை. குளத்திலிருந்து பம்பு வரையுள்ள குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும். எனவே அங்கே எந்த இடத்தில் இடுக்கு இருந்தாலும் தண்ணீர் வெளியே கசியாமல் காற்று உள்ளே புகும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பது போன்ற நிலைமை அது. பம்பின் மேலுள்ள கண்ணாடி மூடி வழியே பாருங்கள். உள்ளே கூடை முழுவதும் தண்ணீரில் மூழ்கியிருக்காமல் பாதியில் நுரைத்துக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எலெக்ட்ரீஷியன் மோட்டாரை ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, எளிதானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் குளத்தின் நீர்மட்டம். ஸ்கிம்மர் வாயின் பாதி உயரம் வரை தண்ணீர் நிற்கவேண்டும். இங்கேதான் உங்கள் தினசரி பேக்வாஷ் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது: ஒவ்வொரு முறையும் சில நூறு லிட்டர் தண்ணீர் வெளியேறுவதால் சில நாட்களில் மட்டம் இறங்கி, ஸ்கிம்மரில் சுழல் விழுந்து தண்ணீரோடு காற்றும் சேர்ந்து போகத் தொடங்கிவிடும். ஸ்கிம்மரின் கதவு ஒரே நிலையில் சிக்கிக்கொண்டாலும் இதே கதிதான்.

மட்டம் சரியாக இருந்தால் அடுத்தது பம்பு மூடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். என் அனுபவத்தில் காற்றுப் புகும் இடம் பெரும்பாலும் இதுதான். மோட்டாரை நிறுத்தி, மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி, ஓ-ரிங்கை வெளியே எடுத்து விரல்களுக்கிடையே மெல்ல வளைத்துப் பாருங்கள். நேராக வைத்துப் பார்த்தால் தெரியாத வெடிப்புகள் வளைக்கும்போது வாய் திறக்கும். தட்டையாகிப் போயிருந்தாலும் மாற்றிவிடவேண்டும். அது உட்காரும் பள்ளத்தைத் துணியால் துடைத்து, மணல் பருக்கையோ தலைமுடியோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒற்றைப் பருக்கை போதும், காற்று புகுந்துவிடும். பூசுவதற்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டுமே பயன்படுத்தவேண்டும். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருள்கள் அந்த ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்து கெடுத்துவிடும். பிறகு கூடைப் பகுதியைத் தண்ணீரால் நிரப்பி, மூடியைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

குமிழி நிற்கவில்லையென்றால், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முன்பக்கக் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும், வால்வுத் தண்டின் அடியிலும், கூடைப் பகுதியின் வடிகால் திருகிலும் ஷேவிங் நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் நுரை உள்ளே இழுபட்டுக் குழி விழுகிறதோ, அதுதான் இடம். பம்பு வாயில் குழாய் மரையோடு சேரும் இடத்தைச் சிறப்பாகக் கவனியுங்கள். பம்பு எப்போதாவது தண்ணீரின்றி ஓடிச் சூடேறியிருந்தால் அங்கேயுள்ள பிளாஸ்டிக் மரை சுருங்கி இடுக்கு விட்டிருக்கும்.

ஓ-ரிங்கும் சீலும் ஒரே காலத்தில் கெட்டிருந்தால் அது எதனால் என்று நீங்கள் கேட்கக்கூடும். ஸ்கிம்மர் கூடையில் போடும் மாத்திரைகளை நான் சந்தேகிக்கிறேன். பெரும்பாலான மாத்திரைகள் ட்ரைகுளோர் என்ற குளோரின் வகை. அது கரைந்த தண்ணீர் கடும் அமிலத்தன்மை கொண்டது. மோட்டார் ஓடும்போது அது நீர்த்துப்போய்விடும். மோட்டார் நின்றிருக்கும் இரவு முழுவதும் மாத்திரை அதே இடத்தில் கரைந்துகொண்டிருக்க, அந்த அமிலத் தண்ணீர் குழாயிலும் பம்புக்குள்ளும் தேங்கி நின்று ரப்பரையும் உலோகத்தையும் அரிக்கும். இனிமேல் மாத்திரைகளை மிதவையில் போட்டுக் குளத்தில் மிதக்க விடுங்கள். ஆனால் குழந்தைகள் இறங்கும் நேரத்தில் அதை எடுத்துவிடவேண்டும்.

பெரிய பம்பு தீர்வாகுமா?

ஆகாது; நிலைமையை மோசமாக்கும். காற்றுப் புகும் இடுக்கை அப்படியே விட்டுவிட்டு அதிக வேகத்தில் இழுத்தால், அதிகக் காற்றுதான் உள்ளே வரும். அதைச் சரிசெய்துவிட்டாலும்கூட உங்கள் ஃபில்டர் 2 எச்.பி. பம்பைத் தாங்காது. 600 மில்லிமீட்டர் ஃபில்டரின் மணற்பரப்பு சுமார் 0.28 சதுர மீட்டர். வீட்டுக் குளங்களில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 50 கன மீட்டர் என்பதை உச்ச வேகமாகக் கொள்வது வழக்கம்; அந்தக் கணக்கில் உங்கள் ஃபில்டர் மணிக்குச் சுமார் 14,000 லிட்டர் வரைதான் வடிகட்டும். நல்ல நிலையிலுள்ள 1 எச்.பி. பம்பு அதற்குப் போதுமானது. அதைத் தாண்டிய வேகத்தில் தள்ளினால் அழுக்கு மணலில் தங்காமல் ஊடுருவிக் குளத்துக்கே திரும்பிவிடும், கலங்கலும் தீராது. 10,000 லிட்டர் வேகத்தில் ஓடினாலே ஆறு மணி நேரத்தில் உங்கள் குளத்தின் கொள்ளளவு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும்; வீட்டுக் குளத்துக்கு அது போதும். மெகர் சோதனையில் மோட்டார் தேறாமல் புதியது வாங்கவேண்டி வந்தால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்பாகப் பாருங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரின் ஓட்டம் பாதியாகும்; மின்சாரச் செலவோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் மிச்சம்தான்.

தினசரி பேக்வாஷை நிறுத்திவிடுங்கள். மணலில் படியும் சிறிதளவு அழுக்கு, நுண்ணிய தூசியைப் பிடிக்க உதவுகிறது. நாள்தோறும் அதைக் கழுவி வெளியேற்றினால் ஃபில்டர் எப்போதும் வெறும் மணலாகவே இருக்கும். பேக்வாஷ் முடிந்தவுடன் கேஜ் காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் மட்டும் மறுபடியும் செய்யுங்கள். ஃபில்டரிங், பேக்வாஷ் நிலைகளை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை மோட்டார் ஓடும்போது ஒருபோதும் திருப்பக் கூடாது. உள்ளேயுள்ள கேஸ்கட் பிய்ந்துவிட்டால், வடிகட்டாத தண்ணீர் நேராகக் குளத்துக்குத் திரும்பும். வெளியேற்றும் குழாயிலும் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருக்கும். ஃபில்டரிங் நிலையில் அந்தக் குழாயின் வாயைப் பாருங்கள். சொட்டிக்கொண்டிருந்தால் கேஸ்கட்டையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி

குளத்தின் அடியிலுள்ள வடிகால் மூடி ஆடுகிறது, ஒரு திருகைக் காணவில்லை என்று வேறு ஏதோ சொல்லும்போது எழுதியிருக்கிறீர்கள். இ.எல்.சி.பி.க்கு அடுத்தபடியாக என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். மூடியில்லாத வடிகாலின் உறிஞ்சும் விசை, ஒரு குழந்தையின் தலைமுடியையோ உடலையோ பற்றிக்கொண்டால் பெரியவர்களாலும் இழுத்து விடுவிக்க முடியாது. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு வெர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் உறிஞ்சும் விசையால் அகப்பட்டு இறந்துபோனாள். அதன் பிறகு அவள் பெயராலேயே 2007-இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டு, பாதுகாப்பான வடிகால் மூடிகள் கட்டாயமாக்கப்பட்டன. உங்கள் குளத்தில் ஒரே ஒரு வடிகால்தான் இருக்கிறது என்றால் ஆபத்து இன்னும் அதிகம். பம்பு பெரிதாக ஆக இந்த விசையும் கூடும். மூடியைப் புதிதாக மாற்றி எல்லாத் திருகுகளும் இறுகும் வரை அந்த வடிகாலின் வால்வை மூடிவைத்து, ஸ்கிம்மர் வழியே மட்டும் தண்ணீரை இழுங்கள். மூடி சிறுவர் தலைமுடி சிக்கும்படி பெரிய துளைகளோடு இல்லாமல், அதற்கென்று சோதித்துச் சான்றளிக்கப்பட்டதாக இருக்கவேண்டும்.

குளோரின் வாசனை

வாசனை தூக்கலாக அடித்தால் குளோரின் அதிகம் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள பொருள்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களே அந்த வாசனையைத் தருகின்றன, கண்ணை எரிக்கின்றன. கிருமியைக் கொல்லும் தனிக் குளோரின் அப்போது குறைவாகத்தான் இருக்கும். உங்களிடமுள்ள, தண்ணீரை மஞ்சளாக்கும் சோதனைக் கருவி இரண்டையும் சேர்த்தே காட்டும் என்பதால், “மஞ்சள் நன்றாகத்தான் வருகிறது” என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தனிக் குளோரினையும் மொத்தக் குளோரினையும் பிரித்துக் காட்டும் டிபிடி சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். தனிக் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை இருக்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குளோரமைனாகச் சேர்ந்துபோன குளோரின்; அது 0.2-க்குள் இருப்பது நல்லது.

குளோரினைத் தொடுவதற்கு முன் பிஹெச் (அமில-காரத்தன்மை) அளவை 7.2-க்கும் 7.6-க்கும் இடையே கொண்டுவாருங்கள். பிஹெச் 7.5-இல் குளோரினின் ஏறக்குறைய பாதி கிருமி கொல்லும் வடிவில் இருக்கிறது; 8-இல் அது கால் பங்குக்கும் கீழே போய்விடும். அதன் பிறகு, சேர்ந்துபோன குளோரின் 1 பிபிஎம் என்று வந்தால் அதைப் போலப் பத்து மடங்கு, அதாவது 10 பிபிஎம், ஏற்றவேண்டும். 60,000 லிட்டருக்கு அது 600 கிராம் குளோரின். 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் ஏறக்குறைய 920 கிராம். மாலை வெயில் தாழ்ந்த பிறகு, வாளித் தண்ணீரில் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்து, பம்பு ஓடும்போது குளத்தைச் சுற்றி ஊற்றுங்கள். தனிக் குளோரின் 3 பிபிஎம்முக்கு இறங்கும் வரை யாரும் இறங்கவேண்டாம்.

இதில் உயிருக்கே ஆபத்தான ஒன்றைச் சொல்லவேண்டும். ட்ரைகுளோர் மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடித்து வெடிக்கக்கூடும். மாத்திரை போட்டிருந்த ஸ்கிம்மரிலோ மிதவையிலோ அந்தத் தூளைப் போடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே கரண்டியையும் பயன்படுத்தாதீர்கள். பிஹெச் குறைக்கும் அமிலத்தை இரண்டுக்கும் எட்டத்தில் வைக்கவேண்டும்; அது குளோரினோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மாத்திரைகள் விட்டுச்செல்லும் சயனூரிக் அமிலத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். 30 முதல் 50 பிபிஎம் வரை இருக்கலாம். மிக அதிகமாகிவிட்டால் குளோரின் மந்தமாகிவிடும், தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றுவதுதான் வழி.

டெக்னீஷியனிடம் எப்படிப் பேசுவது?

அவரைப் பகைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் பணம் கொடுப்பவர் நீங்கள். எந்தச் சோதனையின் அடிப்படையில் பம்பு கெட்டுவிட்டது என்கிறார் என்பதை எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மெகர் அளவு என்ன, கூடைப் பகுதி நிரம்புகிறதா, ஓ-ரிங்கை எடுத்துப் பார்த்தாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் பம்பை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த உதிரிப் பாகத்தை மாற்றினாலும் பழையதை உங்களிடம் தந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பம்புக்கு இன்னும் வாரண்டி இருந்தால், அட்டையைப் படித்துப் பார்க்காமல் யாரையும் மோட்டாரைத் திறக்க விடாதீர்கள். தண்ணீரின்றி ஓடியதாலும் ரசாயன அரிப்பாலும் வரும் பழுதுகளைப் பல நிறுவனங்கள் வாரண்டியில் சேர்ப்பதில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சீல் மட்டும் மாற்றுவதானால், புதிய சீலின் பளபளப்பான முகத்தை விரலால் தொடாமல் சுத்தமான துணியால் பிடித்துப் பொருத்துகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். விரலிலுள்ள எண்ணெய்ப் பசையே அதன் ஆயுளைக் குறைத்துவிடும். வேலை தெரிந்தவர் நீங்கள் பார்ப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

காற்றுப் புகும் இடம் அடைபட்டு, கேஜ் மறுபடியும் 12-ஐ ஒட்டி வந்து, ஒரு வாரம் கழித்தும் தண்ணீர் தெளியவில்லையென்றால், ஃபில்டரிலுள்ள மணலைப் பார்க்கவேண்டியிருக்கும். வீட்டை வாங்கிய பிறகு நீங்கள் மாற்றவில்லை, அதற்கு முன் எப்போது மாற்றினார்கள் என்றும் தெரியவில்லை என்கிறீர்கள். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அப்படியானால் மெகர் அளவு, பிஹெச், இரண்டு குளோரின் அளவுகள், பேக்வாஷுக்கு முன்னும் பின்னும் கேஜ் காட்டும் எண்கள் ஆகியவற்றைக் குறித்து எனக்கு எழுதுங்கள்.